பெருங்குடல் புற்றுநோய்: எடுத்த திசுவை வைத்து இனி என்ன ஆகும் என்று சொல்ல முடியுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆபரேஷன் முடிந்து சில நாட்களில் பத்தாலஜி ரிப்போர்ட் கைக்கு வரும். அதில் பாதி எழுத்துகளும் எண்களுமாகத்தான் இருக்கும். டாக்டர் விளக்குவார், நாமும் தலையாட்டுவோம், வீட்டுக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் கேள்விகள் ஒவ்வொன்றாகக் கிளம்பும். நோயாளிகளும் குடும்பத்தாரும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். உள்ளே போவதற்கு முன் ஒன்று மட்டும். எந்த டெஸ்ட்டைச் சொன்னாலும், "இதன் விடை இப்படி வந்தால் சிகிச்சையில் என்ன மாறும்?" என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வி பல குழப்பங்களையும் பல வீண் செலவுகளையும் தவிர்த்துவிடும்.

ஸ்டேஜ் என்ன என்று சொல்லிவிட்டார்களே, அது போதாதா?

ஸ்டேஜ்தான் இன்றைக்கும் முதல் அளவுகோல், அதை ஒதுக்கிவிட்டு எந்த மார்க்கரும் (கட்டியின் போக்கைக் காட்டும் அடையாளம்) பேச முடியாது. கட்டி குடல் சுவரில் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது, நிணநீர்க் கணுக்களுக்குப் பரவியிருக்கிறதா, கல்லீரல், நுரையீரல் என்று வேறு உறுப்புகளுக்குப் போயிருக்கிறதா என்ற மூன்றையும் வைத்து அதை முடிவு செய்கிறார்கள் (கணுவுக்குப் பரவாதவரை 1, 2; கணுவுக்குப் போனால் 3; வேறு உறுப்புக்குப் போனால் 4). ஆனால் ஒரே ஸ்டேஜில் இருக்கும் இரண்டு பேருக்கு ஒரே மாதிரி நடப்பதில்லை. குடல் சுவரைத் தாண்டி வெளியே வந்துவிட்ட ஸ்டேஜ் 2 கட்டி, கணுவில் ஒன்றிரண்டு மட்டும் தொட்டிருக்கும் ஆரம்பகட்ட ஸ்டேஜ் 3 கட்டியைவிட மோசமாகப் போவது உண்டு. ஸ்டேஜ் 2-ல் பெரும்பாலானவர்கள் ஆபரேஷனோடு குணமாகிவிடுகிறார்கள். 2007-ல் வெளிவந்த குவாசர் என்ற பிரிட்டிஷ் ஆய்வில், பெரும்பாலும் ஸ்டேஜ் 2-ல் இருந்தவர்களுக்குக் கீமோ கொடுத்ததால் ஐந்தாண்டு உயிர்வாழ்வில் கிடைத்த லாபம் 100 பேருக்குச் சுமார் 3 அல்லது 4 பேர்தான். அந்த மூன்று நான்கு பேர் யார் என்று முன்கூட்டியே தெரிந்தால் மற்றவர்களைக் கீமோவிலிருந்து காப்பாற்றலாம். திசு மார்க்கர்கள் மீது இத்தனை பேர் உழைப்பது இதற்காகத்தான்.

ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் மறுபடி பயாப்ஸி எடுப்பார்களா?

பொதுவாக வேண்டியதில்லை. ஆபரேஷனிலோ கொலனோஸ்கோப்பியிலோ (குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்ப்பது) எடுத்த திசுவை ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில் ஊறவைத்து, பிறகு மெழுகில் பதித்துச் சின்ன கட்டையாக வைத்திருப்பார்கள். அதைத்தான் பிளாக் என்கிறோம். அதிலிருந்து தலைமுடியைவிட மெல்லிய சீவல்களை எடுத்துக் கண்ணாடியில் ஒட்டிச் சாயம் போட்டால் ஸ்லைடு. ஸ்லைடு ஒன்று உடைந்தால் இன்னொன்று சீவிக்கொள்ளலாம், பிளாக் தொலைந்தால் எதுவும் செய்ய முடியாது. வேறு ஆஸ்பத்திரிக்கு மாறும்போது ரிப்போர்ட்டோடு பிளாக்கையும் கேட்டு வாங்குங்கள். கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுப்பார்கள். சித்திரை வெயிலில் மூடிய காருக்குள் மட்டும் அதை வைத்துவிட்டுப் போகாதீர்கள், உள்ளே இருப்பது மெழுகு. எத்தனையாவது பிளாக்கில் கட்டி நன்றாக இருக்கிறது என்று ரிப்போர்ட்டில் குறித்திருந்தால் அந்த எண்ணையும் சேர்த்துச் சொல்லுங்கள், அடுத்த லேபுக்கு நேரம் மிச்சம்.

சாதாரண ரிப்போர்ட்டிலேயே பார்க்க வேண்டிய விஷயங்கள் உண்டா?

நிறைய உண்டு, அதற்குத் தனியாகப் பணமும் கட்ட வேண்டாம். எத்தனை நிணநீர்க் கணுக்களைப் பார்த்தார்கள் என்று முதலில் பாருங்கள். குறைந்தது 12 இருக்க வேண்டும் என்பது விதி. 6 கணுக்களை மட்டும் பார்த்துவிட்டு "பரவவில்லை" என்று எழுதியிருந்தால் அந்த நிம்மதி முழு நிம்மதி ஆகாது. எடுத்த குடல் பகுதி லேபிலேயே இருந்தால் இன்னொரு முறை தேடிப் பார்க்கச் சொல்லலாம். அடுத்து ரத்தக் குழாயிலோ நிணநீர்க் குழாயிலோ புற்றுச் செல்கள் புகுந்திருக்கின்றனவா, நரம்பைச் சுற்றிப் படர்ந்திருக்கின்றனவா, வெட்டிய ஓரம் சுத்தமாக இருக்கிறதா என்பவை.

இதோடு டியூமர் பட்டிங் என்று ஒன்று இருக்கும். கட்டி முன்னேறும் விளிம்பை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், சில கட்டிகள் கூட்டமாக, ஒழுங்கான ஓரத்தோடு நிற்கும். சிலவற்றில் ஒன்று, இரண்டு, அதிகபட்சம் நான்கு செல்கள் கூட்டத்தை விட்டுப் பிரிந்து தனியாக உள்ளே நுழைந்துகொண்டிருக்கும். விளிம்பில் எங்கே இவை மிக அதிகமோ அந்த இடத்தைத் தேர்ந்து, 0.785 சதுர மில்லிமீட்டருக்குள் இருப்பதை எண்ண வேண்டும். 4 வரை குறைவு, 5 முதல் 9 வரை நடுத்தரம், 10-ம் அதற்கு மேலும் அதிகம், அதிகமென்றால் ஆபத்தும் அதிகம். இந்த எண்ணும் முறையை 2016-ல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் கூடி முடிவு செய்தார்கள். அதற்கு முன் ஆளாளுக்கு ஒரு கணக்கு இருந்தது. எனக்கு மிகவும் பிடித்த மார்க்கர் இது, காரணம் சாதாரண சாயம் போட்ட ஸ்லைடும் பொறுமையும் இருந்தால் சின்ன ஊர் லேபிலும் செய்துவிடலாம். உங்கள் ரிப்போர்ட்டில் இல்லையென்றால் கேளுங்கள்.

எம்.எம்.ஆர். டெஸ்ட் என்று எழுதியிருக்கிறார்கள். அவசியமா?

அவசியம். எந்த ஸ்டேஜாக இருந்தாலும், எந்த வயதாக இருந்தாலும். பட்டியலில் ஒன்றே ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் இதற்குச் செலவழியுங்கள்.

செல் பிரியும்போது டி.என்.ஏ.வைப் பிரதி எடுக்கும். அப்போது விழும் பிழைகளைத் திருத்துவதற்கு எம்.எல்.எச்.1, பி.எம்.எஸ்.2, எம்.எஸ்.எச்.2, எம்.எஸ்.எச்.6 என்று நான்கு புரதங்கள் இருக்கின்றன, இந்தத் திருத்த வேலையின் பெயர்தான் எம்.எம்.ஆர். இவை கெட்டுப்போனால் பிழைகள் குவிந்துகொண்டே போகும். ரிப்போர்ட்டில் "எம்.எம்.ஆர். குறைபாடு" என்றோ "எம்.எஸ்.ஐ. ஹை" என்றோ எழுதுவது இதைத்தான். முதலாவது புரதத்தைப் பார்ப்பது, இரண்டாவது குவிந்த பிழைகளை நேரடியாகப் பார்ப்பது. பெரும்பாலும் இரண்டும் ஒத்துப்போகும்.

ஸ்லைடில் இது எப்படித் தெரியும் என்றால், அந்தப் புரதம் இருக்கும் செல்லின் உட்கரு பழுப்பாகவும் இல்லாதது நீலமாகவும் தெரியும். கட்டிச் செல்கள் எல்லாம் நீலமாக இருந்தால் உடனே "இல்லை" என்று எழுதிவிடக் கூடாது. அதே ஸ்லைடில் கட்டிக்கு நடுவே இருக்கும் வெள்ளணுக்கள் பழுப்பாக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அவையும் நீலமென்றால் சாயம் சரியாகப் பிடிக்கவில்லை என்றுதான் பொருள். திசுவை ஃபார்மலினில் தாமதமாகப் போட்டாலோ அளவுக்கு மீறி ஊறவிட்டாலோ இப்படி ஆகும். ஆபரேஷன் தியேட்டரில் எடுத்த குடலை எவ்வளவு சீக்கிரம் திறந்து ஃபார்மலினில் போட்டார்கள் என்பதில்தான் பல மார்க்கர்களின் தலையெழுத்தே இருக்கிறது.

சரி, குறைபாடு இருக்கிறது என்று வந்தால் நல்லதா கெட்டதா?

இரண்டும் கலந்தது, ஆனால் இப்போது நல்ல பக்கம்தான் கனம். பெருங்குடல் புற்றுநோய் வருபவர்களில் சுமார் 15 சதவீதம் பேருக்கு இது இருக்கும். ஸ்டேஜ் 2-ல் இதைவிட அதிகம், ஸ்டேஜ் 4-ல் 100-க்கு 4 அல்லது 5 பேர்தான். அதாவது இந்த வகைக் கட்டிகள் பரவுவது குறைவு. ஸ்டேஜ் 2-ல் இந்தக் குறைபாடு இருந்தால் திரும்பி வரும் வாய்ப்பு குறைவு, அதோடு ஃப்ளூரோயூராசில் என்ற மருந்தை மட்டும் கொடுக்கும் கீமோவால் இவர்களுக்குப் பலன் தெரியவில்லை. ஆகவே பெரும்பாலும் கீமோ இல்லாமலே கண்காணிப்பார்கள். ஒரு டெஸ்ட் ஆறு மாதக் கீமோவைத் தவிர்க்கிறது என்றால் அதைவிட உருப்படியான டெஸ்ட் எது?

பரவிய நிலையில் வேறு கதை. அங்கே இந்த மார்க்கர் இருந்தால் இம்யூனோதெரபி (உடலின் நோய் எதிர்ப்புச் சக்தியைக் கட்டிமேல் ஏவும் சிகிச்சை) கைகொடுக்கும். கீநோட் 177 ஆய்வில், நோய் மறுபடி வளராமல் இருந்த இடைநிலைக் காலம் (பாதிப் பேர் தாண்டிய அளவு) கீமோவில் 8.2 மாதம், பெம்ப்ரோலிசுமாப் மருந்தில் 16.5 மாதம். மலக்குடல் கட்டியில் இன்னும் பெரிய விஷயம் நடந்தது. நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையத்தில், இந்தக் குறைபாடு உள்ளவர்களுக்கு டோஸ்டார்லிமாப் என்ற இம்யூனோதெரபி மருந்தை மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். 2022-ல் வெளியான முதல் 12 பேரின் முடிவில் 12 பேருக்கும் கட்டி முழுதாக மறைந்திருந்தது. 2025-ல் வந்த அடுத்த அறிக்கையில் சிகிச்சையை முடித்த மலக்குடல் நோயாளிகள் 49 பேருக்கும் அதே பலன். ஆபரேஷன் இல்லை, கதிர்வீச்சு இல்லை, வயிற்றில் பை மாட்டிக்கொள்ள வேண்டியதும் இல்லை. மலக்குடல் கட்டி என்று தெரிந்த அன்றே பயாப்ஸித் துணுக்கில் இந்த டெஸ்ட்டைச் செய்துவிடுங்கள் என்று நான் மன்றாடிச் சொல்வது இதனால்தான். மருந்தின் விலை நம்மில் பலருக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது என்பது உண்மை, வருத்தமான உண்மை. ஆனால் தகுதி இருக்கிறது என்று தெரிந்தால்தானே மருந்து நிறுவனங்களின் உதவித் திட்டம், ஆய்வுகளில் சேர்வது என்று வழி தேட முடியும்.

அப்படியானால் என் பிள்ளைகளுக்கும் வருமா?

எல்லோருக்கும் அப்படி இல்லை. எம்.எம்.ஆர். குறைபாடு உள்ளவர்களில் பலருக்கு அது அந்தக் கட்டிக்குள் மட்டும் நடந்த மாற்றம். எம்.எல்.எச்.1, பி.எம்.எஸ்.2 இரண்டும் இல்லை, கூடவே பி-ராஃப் என்ற மரபணுவில் வி600இ என்ற பிறழ்வு இருக்கிறது என்றால் அது பரம்பரை வழி வந்ததாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அந்தப் பி-ராஃப் பிறழ்வு இல்லாமலோ, எம்.எஸ்.எச்.2 அல்லது எம்.எஸ்.எச்.6 போயிருந்தாலோ லின்ச் சிண்ட்ரோம் என்ற பரம்பரை நிலையாக இருக்கலாம். பெருங்குடல் புற்றுநோயாளிகளில் சுமார் 3 சதவீதம் பேருக்கு இது உண்டு. ரத்தத்தில் மரபணு டெஸ்ட் செய்து உறுதி செய்வார்கள். உறுதியானால் உடன்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஆளுக்குப் பாதி வாய்ப்பு. தெரிந்தால் பெரும்பாலும் 20-25 வயதிலிருந்தே ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை கொலனோஸ்கோப்பி பார்த்து, பாலிப்பாக (குடலின் உட்சுவரில் முளைக்கும் சின்னச் சதை வளர்ச்சி) இருக்கும்போதே எடுத்துவிடலாம். கல்யாணப் பேச்சு நடக்கிறது, வெளியில் தெரிந்தால் என்ன ஆகும் என்று மறைக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. அந்தப் பயம் புரிகிறது. ஊருக்குச் சொல்ல வேண்டாம், ஆனால் கூடப்பிறந்தவர்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும்.

கே-ராஸ், என்-ராஸ் எதற்கு?

பரவிய நோயில் மருந்து தேர்ந்தெடுக்க. செல்லின் மேற்பரப்பில் இருக்கும் ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற சுவிட்சை அடைக்கும் மருந்துகள் செடுக்சிமாப், பானிடுமுமாப். ராஸ் என்பது அந்தச் சுவிட்சுக்குக் கீழே இருக்கும் இணைப்பு. அது பிறழ்ந்து எப்போதும் எரிந்துகொண்டே இருந்தால் மேலே சுவிட்சை அடைத்து என்ன பயன்? சுமார் 40 சதவீதம் பேருக்குக் கே-ராஸ் பிறழ்வு இருக்கிறது, அவர்களுக்கு இந்த மருந்துகள் வேலை செய்யாது, தோலில் வெடிப்பும் செலவும்தான் மிச்சம்.

இதில் கற்றுக்கொள்ள ஒரு வரலாறு இருக்கிறது. 2004-ல் செடுக்சிமாப் வந்தபோது, கட்டியில் ஈ.ஜி.எஃப்.ஆர். புரதம் இருக்கிறதா என்று சாயம் போட்டுப் பார்த்துத்தான் கொடுத்தார்கள். கேட்கும்போது நியாயமாகத்தான் இருந்தது, சுவிட்ச் இருந்தால்தானே அடைக்க முடியும்? ஆனால் அந்தச் சாயம் எதையும் கணிக்கவில்லை. புரதம் தெரியாதவர்களுக்கும் மருந்து கேட்டது, நிறையத் தெரிந்தவர்களுக்குக் கேட்காமலும் போனது. கே-ராஸ் பார்க்க வேண்டும் என்பது 2008 வாக்கில்தான் தெளிவானது. லாஜிக்காக இருக்கிறது என்பதற்காக ஒரு மார்க்கரை நம்பிவிடக் கூடாது, நோயாளிகளிடம் நிரூபித்துக் காட்ட வேண்டும். ராஸ் சரியாக இருந்தாலும் கட்டி பெருங்குடலின் வலது பக்கம் இருந்தால் இந்த மருந்துகளின் பலன் குறைவு என்பதும் பிறகு தெரிந்ததுதான்.

பி-ராஃப் என்றால் மோசம் என்று இணையத்தில் படித்தேன்.

பரவிய நோயில் பி-ராஃப் வி600இ வேகமாகப் போகும் வகை என்பது உண்மை, 100-க்கு 8 முதல் 10 பேருக்கு இருக்கும். ஆனால் நீங்கள் படித்தது பழைய கணக்காக இருக்கலாம். 2025-ல் வெளியான பிரேக்வாட்டர் ஆய்வில் என்கோராஃபெனிப், செடுக்சிமாப், கீமோ மூன்றையும் சேர்த்து முதலிலேயே கொடுத்தபோது இடைநிலை உயிர்வாழ்வு 30.3 மாதம், வழக்கமான சிகிச்சையில் 15.1. இரண்டு மடங்கு. ஆகவே தேடிப் படிக்கும்போது எந்த ஆண்டு எழுதியது என்று பார்த்துவிட்டுப் படியுங்கள். ஹெர்2, கே-ராஸ் ஜி12சி என்று இன்னும் சில இருக்கின்றன. ஒவ்வொன்றும் சில சதவீதம் பேருக்குத்தான், ஆனால் இருந்தால் அதற்கென்று மருந்து உண்டு. ஸ்டேஜ் 4-ல் பத்துப் பதினைந்து மரபணுக்களைத் தனித்தனியாகப் பார்ப்பதைவிட ஒரே பேனலாகப் பார்ப்பது திசுவுக்கும் சிக்கனம்.

கொலனோஸ்கோப்பியில் எடுத்த பாலிப்பில் புற்றுநோய் என்று வந்திருக்கிறது. குடலையும் வெட்ட வேண்டுமா?

எல்லோருக்கும் வேண்டாம். கட்டி சளிச்சவ்வுக்கு அடுத்த அடுக்கு வரைதான் போயிருக்கிறது என்றால் கணுவுக்குப் பரவியிருக்கும் வாய்ப்பு மொத்தமாகப் பார்த்தால் சுமார் 10 சதவீதம். குழாய்களில் செல் இல்லை, செல்கள் ரொம்ப முரட்டுத்தனமாக மாறவில்லை, பட்டிங் குறைவு, ஆழம் குறைவு, வெட்டிய ஓரம் சுத்தம் என்றால் வாய்ப்பு இன்னும் இறங்கிவிடும், பாலிப் எடுத்ததோடு விட்டுக் கண்காணிக்கலாம். இவற்றில் ஒன்றிரண்டு மோசமாக இருந்தால் ஆபரேஷன் பேச்சு வரும். பட்டிங் எண்ணிக்கை மிக அதிகம் பயன்படுவது இந்த இடத்தில்தான். பாலிப்பைத் துண்டு துண்டாக எடுத்திருந்தால் ஓரம் எது என்று சொல்லவே முடியாமல் போகும், அது பத்தாலஜிஸ்டின் குறையில்லை.

இம்யூனோஸ்கோர், சி.டி.எக்ஸ்.2, மரபணு ஸ்கோர் எல்லாம் செய்யலாமா?

இம்யூனோஸ்கோர் நல்ல சிந்தனை. கட்டியின் நடுவிலும் விளிம்பிலும் சி.டி.3, சி.டி.8 வகை வெள்ளணுக்கள் எவ்வளவு கூடியிருக்கின்றன என்று கணினியால் எண்ணுவது. பிரான்சின் ஜெரோம் கலோன் குழு 2006-லிருந்து இதில் உழைக்கிறது. 13 நாடுகளில் 14 மையங்களைச் சேர்த்து 2018-ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்த ஆய்வின் முதல் தொகுதியில், ஸ்கோர் அதிகம் உள்ளவர்களில் 5 ஆண்டில் நோய் திரும்பியது 8 சதவீதம் பேருக்கு, குறைவானவர்களில் 32 சதவீதம் பேருக்கு. அந்த வித்தியாசம் சின்னதில்லை. சி.டி.எக்ஸ்.2 குடல் செல்லின் அடையாளப் புரதம். அது இல்லாத கட்டிகள் மோசமாகப் போகின்றன என்று 2016-ல் காட்டினார்கள், ஆனால் அது இல்லாதவர்கள் மொத்தத்தில் மிகச் சிலர். மலிவான சாயம் என்பதால், ஸ்டேஜ் 2-ல் கீமோவா வேண்டாமா என்று தராசு நடுவில் நிற்கும்போது கேட்கலாம். 12 மரபணு, 18 மரபணு என்று வரும் ஸ்கோர்கள் நோய் திரும்புமா என்பதை ஓரளவு சொல்கின்றன, கீமோ உதவுமா என்பதைச் சொல்வதில்லை. வீட்டு நகையை அடகு வைத்துச் செய்யும் அளவுக்கு அவற்றில் விஷயம் இல்லை என்பது என் கருத்து. கே.ஐ.67, பி53 இரண்டும் பல ரிப்போர்ட்களில் வரும், பெருங்குடலில் அவற்றை வைத்து யாரும் சிகிச்சையை முடிவு செய்வதில்லை. எண்ணைப் பார்த்துப் பயப்படாதீர்கள்.

திசுவை விட்டுவிட்டு ரத்தத்திலேயே பார்க்க முடியாதா?

முடியும், அந்தத் திசையில்தான் போகிறது. ஆபரேஷனுக்குப் பிறகு ரத்தத்தில் கட்டியின் டி.என்.ஏ. மிதக்கிறதா என்று பார்ப்பார்கள். ஆஸ்திரேலியாவின் டைனமிக் ஆய்வில் 2022-ல், ஸ்டேஜ் 2 நோயாளிகளுக்கு இதை வைத்து முடிவு செய்தபோது கீமோ பெற்றவர்கள் 28 சதவீதத்திலிருந்து 15 சதவீதமாகக் குறைந்தார்கள், நோய் திரும்புவது கூடவில்லை. ஆனால் கவனியுங்கள், அந்த டெஸ்ட்டில் ஒவ்வொருவரின் கட்டியிலும் என்ன பிறழ்வு என்பதைத் திசுவில் கண்டுபிடித்த பிறகுதான் ரத்தத்தில் தேடினார்கள். பிளாக்குக்கு இங்கேயும் வேலை இருக்கிறது.

ஆஸ்பிரின் சாப்பிட்டால் திரும்பி வராது என்கிறார்களே?

சிலருக்கு மட்டும். வட ஐரோப்பிய நாடுகளில் நடந்த அலாஸ்கா என்ற ஆய்வு 2025-ல் வந்தது. பி.ஐ.கே.3.சி.ஏ. மரபணுவில் குறிப்பிட்ட பிறழ்வுகள் உள்ளவர்கள் ஆபரேஷனுக்குப் பிறகு தினம் 160 மில்லிகிராம் ஆஸ்பிரின் 3 ஆண்டுகள் எடுத்ததில், நோய் திரும்பியது 7.7 சதவீதம், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 14.1. இதைப் போன்ற மலிவான மருந்து ஒரு திசு மார்க்கரோடு சேர்ந்து பலன் தருவதைப் பார்க்க எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது! ஆனால் ஆஸ்பிரின் வயிற்றில் ரத்தக் கசிவு உண்டாக்கும். டெஸ்ட் செய்யாமல், டாக்டரைக் கேட்காமல் மெடிக்கலில் வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டாம்.

முதலில் கதிர்வீச்சு, கீமோ கொடுத்துவிட்டார்கள். இப்போது எடுத்த திசுவில் மார்க்கர் பார்க்கலாமா?

கூடுமானவரை சிகிச்சைக்கு முன் எடுத்த பயாப்ஸியில் பாருங்கள். சிகிச்சைக்குப் பிறகு கட்டிச் செல்கள் கொஞ்சமாக மிஞ்சியிருக்கும், சில சமயம் எதுவுமே இருக்காது. எம்.எஸ்.எச்.6 சாயம் இவர்களுக்குச் சிகிச்சையால் மங்கி, இல்லாத குறைபாட்டை இருப்பதாகக் காட்டுவதும் உண்டு.

வயது 35தான். நம் ஊரில் இந்த வயதில் வருமா?

வருகிறது. இந்தியாவில் மொத்த எண்ணிக்கை மேற்கு நாடுகளைவிடக் குறைவு, ஆனால் வருபவர்களில் இளம் வயதினரின் பங்கு அதிகம், சிக்னெட் ரிங் என்ற வேகமான செல் வகையும் இங்கே கூடுதலாகக் காணப்படுகிறது. மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனையின் பதிவுகள் இதைக் காட்டியிருக்கின்றன. மூலம் என்று நினைத்து மாதக்கணக்கில் களிம்பு தடவிவிட்டு வருவதால் தாமதமும் சேர்ந்துகொள்கிறது. 50-க்குக் கீழே என்றால் எம்.எம்.ஆர். டெஸ்ட்டும், குடும்பத்தில் யாருக்கு என்ன புற்றுநோய் இருந்தது என்ற பட்டியலும் கட்டாயம். கர்ப்பப்பைப் புற்றுநோயையும் அந்தப் பட்டியலில் விடாமல் எழுதுங்கள், லின்ச் குடும்பங்களில் அதுவும் வரும்.

இரண்டு லேபில் இரண்டு விதமாக வந்தால் எதை நம்புவது?

முதலில் இரண்டும் ஒரே பிளாக்கிலா செய்தார்கள் என்று கேளுங்கள். கட்டியின் ஒரு பகுதி மற்றொன்றைப் போல இருக்காது, கட்டி மிகக் குறைவாக இருக்கும் பிளாக்கை அனுப்பினால் மரபணு டெஸ்ட் பிறழ்வைத் தவறவிடும். எத்தனை சதவீதம் கட்டிச் செல்கள் இருந்தன என்று ரிப்போர்ட்டில் போட்டிருப்பார்கள், பாருங்கள். எம்.எம்.ஆர். சாயத்தில் சந்தேகம் என்றால் எம்.எஸ்.ஐ. டெஸ்ட்டால் சரிபார்க்கலாம், அங்கே சந்தேகம் என்றால் இங்கே. முடிந்தால் இரண்டு ரிப்போர்ட்டையும் ஸ்லைடுகளையும் மூன்றாவது ஒரு பத்தாலஜிஸ்டிடம் காட்டிவிடுங்கள். இதற்காக முதல் டாக்டர் கோபித்துக்கொள்வார் என்று தயங்க வேண்டாம், பத்தாலஜிஸ்டுகளான எங்களுக்குள் ஸ்லைடை மாற்றி மாற்றிப் பார்ப்பது தினசரி வழக்கம்தான்.